புதன்கிழமையில் வரும் ஞாயிறு

இந்த மாதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை, புதன்கிழமை அன்று வருகிறது. போன மாதம் செவ்வாய். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காக: ஊருக்கு லீவு என்றால்தான் ஊர் போனை அதிகம் பார்க்கும். ஊர் போனைப் பார்க்கும் நேரத்தில் நாங்கள் செய்தி போட்டாக வேண்டும். அதனால் ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். வீக் ஆஃப் நடுவாரத்தில் எங்காவது வந்து உட்காரும்.

ஆவடியில் இருக்கும் எங்கள் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ரோஸ்டர் வாட்ஸ்அப்பில் வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஏட்டி, இந்த ஞாயிறாவது கோயிலுக்கு வருவியா?" என்பதுதான். (திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எங்கே குடியேறினாலும் சர்ச்சை கோயில் என்றுதான் சொல்வோம்.) "இல்லம்மா, காலை ஷிஃப்ட்" என்றால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை, அந்த மௌனம்தான் தாங்க முடியாதது.

இது என் ஒருத்தியின் பிரச்னை என்றால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பக்கமே ஷிஃப்ட்டில் வாழும் பக்கம். அம்பத்தூர் எஸ்டேட், பாடி, ஆவடி டேங்க் ஃபேக்டரி, பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக வரிசைகட்டும் குடோன்கள், எஸ்டேட்டுக்குள்ளேயே வந்துவிட்ட ஐ.டி. கட்டடங்கள், இரவு பகல் பார்க்காத ஆஸ்பத்திரிகள். நர்ஸ், போலீஸ், ரயில்வே, டெலிவரி என்று எங்கள் சபையின் இளைஞர் குழுவில் ஞாயிறு காலை நிச்சயமாக ஓய்வு என்று சொல்லக்கூடியவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஆனால், நல்ல கிறிஸ்தவ வாழ்க்கைக்கு எங்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகள் எல்லாம் ஞாயிறு காலை சும்மா இருப்பவர்களை மனதில் வைத்தே சொல்லப்படுகின்றன.

இந்த விஷயத்தில் எனக்கு முதல் ஆசிரியர் அப்பாதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 26 வருடம் லேத் ஓட்டினார். மூன்று ஷிஃப்ட். சனிக்கிழமை நைட் விழுந்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வருவார். பட்டரவாக்கத்தில் ரயிலைப் பிடித்து ஆவடியில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே முதல் ஆராதனைக்கு வந்துவிடுவார். யூனிஃபார்ம் சட்டைக்கு மேல், பையில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை. கடைசி பெஞ்ச். பிரசங்கம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும். அம்மா முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது ஆயர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எழுப்பாதீங்கம்மா. அவர் வீட்டுக்குப் போய் நல்லா தூங்கியிருக்கலாம். இங்க வந்து தூங்குறார்."

அந்த ஆயர் மாறுதலாகி எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. அவர் பிரசங்கங்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, இது ஒன்று மட்டும் நிற்கிறது.

பைபிளிலேயே அப்பாவைப் போல ஒருவன் இருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 20-ம் அதிகாரம். துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு, விசுவாசிகள் கூடுகிறார்கள். மூன்றாவது மாடி, நிறைய விளக்குகள். மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டிய பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே இருக்கிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கம் தாங்காமல் கீழே விழுந்துவிடுகிறான். செத்துப்போனான் என்றே எடுக்கிறார்கள். பவுல் இறங்கி ஓடி அவனைக் கட்டிக்கொள்கிறார், அவன் பிழைக்கிறான். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லி, 'கோயிலில் தூங்கக் கூடாது' என்று முடிப்பார்கள். ஆனால் அந்த அதிகாரத்தில் ஐத்திகுவை யாரும் கண்டித்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. பவுல் திரும்பவும் மாடி ஏறி, அப்பம் பிட்டு, விடியும்வரை பேசிவிட்டுத்தான் புறப்படுகிறார்.

எனக்கு அதில் கண்ணை உறுத்திய விஷயம் வேறு. ஏன் ராத்திரியில் கூடினார்கள்? ரோமப் பேரரசில் ஞாயிறு லீவு கிடையாது. அன்றைய விசுவாசிகளில் அடிமைகளும் கைத்தொழில் செய்பவர்களும் நிறையப் பேர். பகல் அவர்களுக்குச் சொந்தமில்லை. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர், பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன்பே கூடிப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய், சாப்பிடுவதற்காகத் திரும்பக் கூடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததாக அதில் சொல்கிறார். எனக்கு அது ஷிஃப்ட்டுக்கு முன் ஒரு கூட்டம், ஷிஃப்ட் முடிந்து ஒரு கூட்டம் மாதிரித்தான் தெரிகிறது. கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றை ஓய்வு நாளாக அறிவித்தது 321 மார்ச் 7-ல். அதுவும் நகரத்தாருக்குத்தான். பயிர் காத்திருக்காது என்று விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார். ஆக, முதல் முந்நூறு வருடக் கிறிஸ்தவர்கள் ஞாயிறு லீவே இல்லாமல் ஞாயிறைக் கொண்டாடியிருக்கிறார்கள்.

பயிர் காத்திருக்காது என்பது எங்கள் ஆச்சிக்கும் தெரியும். நாசரேத் பக்கத்தில் ஆச்சி வீட்டில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான். சனிக்கிழமையே மாவு ஆட்டி, விறகு அடுக்கி, துணி துவைத்து முடித்துவிட வேண்டும். ஞாயிறு ஊசி நூல் தொடக் கூடாது, சந்தைக்குப் போகக் கூடாது, கடன் கேட்டு யாரும் வந்தால் 'நாளைக்கு வாங்க'. அப்படிப்பட்ட வீட்டில் பங்குனி, சித்திரை ஞாயிறுகளில் தாத்தா மட்டும் விடியுமுன் பனை ஏறுவார். பாளையைத் தினமும் சீவினால்தான் பதநீர் ஊறும். ஒருநாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். ஏறி இறக்கிவிட்டு, குளித்து, முதல் மணிக்குள் கோயிலில் இருப்பார். ஊசி தொடாத ஆச்சி அந்தப் பதநீரைக் காய்ச்சவும் செய்வார். இதில் முரண்பாடு இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

எந்த நாள் ஓய்வு நாள் என்ற சண்டையும் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாசரேத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரகாசபுரத்தில் 1857-ல் மிஷனரிகளோடு முரண்பட்டுத் தனிச் சபை கண்ட அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை, வேதத்தில் ஏழாம் நாள் என்றுதானே இருக்கிறது என்று சனிக்கிழமையையே ஓய்வு நாளாக்கினார். அந்தப் பக்கம் இப்போதும் இதைப் பற்றி ஆரம்பித்தால் காபி ஆறும்வரை பேசுவார்கள். பவுலோ ரோமர் 14-ல், ஒரு நாளை உயர்வாக நினைப்பவரும் எல்லா நாளையும் சமமாக நினைப்பவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்கிற பொருளில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இந்தியாவில் ஞாயிறு லீவு எப்படி வந்தது என்று தேடியபோது ஒரு ஆச்சர்யம். வெள்ளைக்காரர்கள் கிறிஸ்தவர்கள், அதனால் கொடுத்தார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். அலுவலகங்களுக்கு வேண்டுமானால் அது சரியாக இருக்கலாம். பம்பாய் மில் தொழிலாளிக்குப் போராடி வாங்கித் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் தோழர். 1884-ல் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்து, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 1890 ஜூன் 10-ல்தான் மில் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இறங்கி வந்தார்கள். 2005-ல் அவர் படம் போட்ட தபால் தலை வந்தது. சபைகளில் நன்றி சொல்லி ஜெபிக்கும்போது அவர் பெயரையும் ஒருமுறை சொல்லலாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

அப்பாவுக்கு இன்னொரு சட்டம் மனப்பாடம். 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 52-வது பிரிவு. ஞாயிறு விடுமுறை, அன்று வேலை வாங்கினால், அதற்கு முந்தைய மூன்று நாள்களிலோ பிந்தைய மூன்று நாள்களிலோ ஒரு முழு நாள் லீவு தர வேண்டும் என்றது அது. அப்படி மாற்றிக் கொடுக்கும்போதும் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் முழு ஓய்வு இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் இருந்தது. "புதன்கிழமைன்னா கரெக்ட்டா மூணாம் நாள். அன்னைக்கு எந்திரிச்சிரலாம்" என்று ஜோக் அடிப்பார். அம்மாவுக்கு இந்த ஜோக் சுத்தமாகப் பிடிக்காது.

சட்டத்தைப் படித்துவிட்டுப் பத்துக் கட்டளைக்கு வந்தால், ஓய்வு நாள் கட்டளை (எங்கள் கணக்கில் நான்காவது, கத்தோலிக்கர்கள் கணக்கில் மூன்றாவது) பைபிளில் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் காரணம் வேறு வேறு. யாத்திராகமம் 20-ல், கடவுள் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார், அதனால் நீங்களும் ஓய்ந்திருங்கள் என்பது காரணம். சபையில் பெரும்பாலும் இதைத்தான் கேட்டிருக்கிறேன். உபாகமம் 5-ல் காரணமே வேறு. நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள், அதை மறக்காதீர்கள். உங்கள் வீட்டு வேலைக்காரனும் வேலைக்காரியும் உங்களைப்போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. மாடு, கழுதை, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் வரைக்கும் பட்டியல் போகிறது.

அப்படிப் பார்த்தால், 'ஞாயிறு கோயிலுக்குப் போனாயா' என்பதோடு இன்னொரு கேள்வியும் அந்தக் கட்டளைக்குள் இருக்கிறது: உன்னால் யாருக்காவது ஓய்வு கிடைத்ததா? ஆராதனை முடிந்து வாசலில் நின்றபடியே பிரியாணி ஆர்டர் போடுகிறோம். அதைக் கொண்டுவரும் தம்பி, நம் சபையிலேயே போன வருடம் திடப்படுத்தல் எடுத்தவனாக இருக்கலாம். அவன் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் வருத்தப்படுவதும் அதே வாசலில்தான். வெளியில் சாப்பாடு வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அவனுக்கும் ஞாயிறு மதியம்தான் நாலு காசு பார்க்கும் நேரம். ஆனால் வாசலில் அவனைப் பார்த்தால், 'ஏன் வரலை' என்பதற்கு முன்னால் 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்கலாம்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பூந்தமல்லிப் பக்கம் குடோனில் வேலை. ஞாயிறுதான் லோடு அதிகம். அவன் போகும் சபையில் ஒருநாள், உலகப் பொருளுக்காக ஓய்வு நாளை விற்பவர்கள் என்று பொதுவாகப் பேசுவதுபோல் பேசி, எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்கும்படி ஆக்கிவிட்டார்கள். அன்று அதிசயமாக லீவு கிடைத்து வந்திருந்தான். அதன் பிறகு லீவு கிடைத்தாலும் போவதில்லை. அப்பா இல்லாத வீடு, தங்கைக்குப் படிப்புச் செலவு. வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்பவர்கள் அவன் வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டதாகத் தெரியவில்லை. சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்பதற்கு எல்லோரும் காட்டும் எபிரெயர் 10-ம் அதிகாரத்தில், எதற்காகக் கூட வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது: ஒருவரையொருவர் தைரியப்படுத்துவதற்கு. அந்தப் பையனிடம் யார் எந்த அதிகாரத்தைச் செய்துகாட்டினார்கள்?

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு வருட டெஸ்க் வாழ்க்கையில் எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

ஓடாதது: ஒரு காதில் இயர்போன் மாட்டி யூடியூப் லைவ் ஆராதனை கேட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் செய்தி அடிப்பது. கொரோனா நாள்களில் அது ஒரு வரம்தான். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்றும் வரம். வேலை செய்துகொண்டே கேட்கும்போது அது ஆராதனையாகவும் இல்லை, வேலையாகவும் இல்லை. பாவமன்னிப்பு ஜெபத்தின் நடுவில் பிரேக்கிங் நியூஸ் வந்தால் எதை முடிப்பது?

ஓடுவது இது. சி.எஸ்.ஐ. சபைகளில் அந்தந்த ஞாயிறுக்கு என்று வேதபாடங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ஞாயிறு காலை ரயிலில் அதே பகுதிகளைப் படித்துவிடுவேன். ஞாயிறு அட்டவணையில் ரயில் குறைவு என்பதால் ஆவடி பிளாட்பாரத்தில் காத்திருக்கும் நேரமே தாராளமாகப் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா உட்கார்ந்து கேட்கப்போகும் அதே வசனங்கள். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு ஐயா அதுல என்ன சொன்னாங்க?" என்று கேட்பேன். அம்மாவின் மௌனம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது அந்தக் கேள்வியில்தான். இப்போது என்னிடம் சொல்வதற்காகவே பிரசங்கத்தைக் குறிப்பெடுத்து வருகிறார்.

கத்தோலிக்கத் தோழி ஒருத்தி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வழி இன்னும் தெளிவு. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலே ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். அதற்கும் முடியாத நிலை என்றால், தனியாகவோ குடும்பமாகவோ ஜெபத்தில் நேரம் செலவிடும்படி அதே சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் நாலு வருடம் குற்ற உணர்ச்சியிலேயே இருந்தாளாம். பங்குத்தந்தையிடம் நேரில் கேட்டபோது, சட்டம் பேசி முடித்துவிட்டு, "ராத்திரி முழுக்க நோயாளியைப் பார்த்துக்கிட்ட, முதல்ல போய்த் தூங்கும்மா" என்றாராம். கேட்பதற்குத் தயங்காதீர்கள். சில நேரம் நம் மனதில் இருக்கும் ஆயரைவிட நிஜத்தில் இருக்கும் ஆயர் நல்லவர்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீக் ஆஃப் அன்று பத்து மணி வரை தூங்கினால் சோம்பேறி, ஜெப வாழ்க்கை இல்லாதவள் என்று ஒரு கணக்கு உண்டு. 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். ஓடி ஓடிக் களைத்து, செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிட வைக்கிறான். எலியா திரும்பவும் தூங்குகிறார். திரும்பவும் எழுப்பி, சாப்பிட வைக்கிறான். மலைக்குப் போவதும் கடவுளின் குரலைக் கேட்பதும் எல்லாம் அதற்கப்புறம்தான். நைட் ஷிஃப்ட் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த அதிகாரத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கலாம்.

அதனால் என் புதன்கிழமை இப்படிப் போகிறது. தூக்கம் தீரத் தூக்கம். மதியத்திலிருந்து அலுவலக வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் மியூட். சாயங்காலம் தெருவில் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டம். போகும்போது பாட்டிகள் கூட்டம் என்று நினைத்துத்தான் போனேன். போனால், கால் வலியோடு ஞாயிறு கோயிலுக்கு வர முடியாத மூன்று பாட்டிகள், பி.பி.ஓ.வில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், ரயில்வேயில் இருக்கும் ஒரு மாமா. ஞாயிறு வர முடியாதவர்களின் சபை அது. சுண்டல் கட்டாயம் உண்டு.

இன்னொன்று, வெட்கப்படாமல் கேளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. அந்த ஒன்றை மட்டும் ரோஸ்டர் போடும் முன்பே கேட்டு வாங்கிவிடுவேன், பதிலுக்கு மற்ற மூன்று ஞாயிறுகளையும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்வேன். ஈஸ்டருக்குத் தனியாக லீவு கிடையாது, அது எப்படியும் ஞாயிறுதானே. அதற்கு என் பக்கத்து இருக்கை அக்கா இருக்கிறார். அவர் தீபாவளிக்கு நான், என் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர். ரம்ஜானுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு நண்பரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவர் வீட்டுப் பிரியாணி மறுநாள் டெஸ்க்குக்கு வந்துவிடும்.

உபாகமம் 5 எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கப்பட்டது போன லெந்து காலத்தில். வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்ற இடம் வந்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா எங்கள் தெருவில் ஐந்து வீடுகளுக்கு வருகிறார், வாரம் ஏழு நாளும். எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதனால் யாரும் யோசித்ததில்லை. மறுநாள் காலை அம்மா அவரிடம், "இனிமே ஞாயித்துக்கிழமை வராதம்மா, சம்பளம் அதே சம்பளம்தான்" என்றார். அக்கா பயந்துவிட்டார். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள், அதற்கு முன்னோட்டம் என்று நினைத்திருக்கிறார். அம்மா மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. இப்போது மற்ற நாலு வீடுகளிலும் அதேபோல் கேட்டுப் பார்க்கிறார். இரண்டு வீடு ஒத்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு பாத்திரங்கள் அப்பா கணக்கில் சேர்ந்துவிட்டன. லேத் ஓட்டிய கை, குக்கரை மினுக்கி வைத்துவிடுகிறது. கொஞ்சம் அதிகமாகவே தேய்ப்பதால் இரண்டு தோசைக்கல்லில் இப்போது தோசை ஒட்டுகிறது என்று அம்மா புகார் சொல்கிறார்.